ஒத்தாசையை வாங்கிக்கொள்வது எப்படி: வீட்டில் பண்டுவம் பார்க்கிறவர்களுக்கு

ஊரில் யாருக்கு என்ன என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்கிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வீட்டிலேயே ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால், அவர்களுக்கு அடுத்த வீட்டில் போய் ஒரு குடம் தண்ணீர் கேட்கக்கூட வாய் வராது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்த ரகம்தான்.

சேரன்மகாதேவிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக 28 வருஷம் வேலை பார்த்து, 2018இல் ஓய்வு பெற்றேன். தடுப்பூசி போடவும் பேறுகாலம் பார்க்கவும் எத்தனையோ வீட்டு நடை ஏறியிருக்கிறேன். பிள்ளை பெற்ற பெண்ணிடமும், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்க்கிற மருமகளிடமும், “ஒத்தையில கிடந்து சாகாத, யாரையாவது கூடமாட ஒத்தாசைக்குக் கூப்பிடு” என்று நானே சொல்லியிருக்கிறேன். 2022 சித்திரையில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அடுத்த எட்டு மாதம் நான் யாரையும் கூப்பிடவில்லை.

முதல் வாரத்திலேயே எதிர்வீட்டு மதினி ஒரு தூக்குவாளியில் உளுந்தஞ்சோறும், சின்னக் கிண்ணத்தில் எள்ளுத் துவையலும் கொண்டுவந்தார்கள். நான் நடைவாசலை மறித்துக்கொண்டு நின்று, “என்னத்துக்கு மதினி இதெல்லாம், இப்பத்தான் சோறு வடிச்சேன்” என்றேன். அன்றைக்கு என் அடுப்பே பற்றவில்லை. மதினி தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்கள். “சரி, அண்ணனையாவது பாத்துட்டுப் போறேன்” என்றார்கள். “தூங்குதாக மதினி” என்றேன். அவர்கள் தெருவைக் கடந்து திரும்பிப் போனதையும், தூக்குவாளியின் மூடி நடைக்கு நடை லொடலொடவென்று ஆடியதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கப்புறம் பல மாதம் அவர்கள் எங்கள் நடை ஏறவில்லை.

கார்த்திகை மழையில் புறவாசல் துவைகல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருந்தது. விடியற்காலம் நாலரை மணிக்கு அவருடைய விரிப்பை அலசப் போனவள், வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட இடத்தில் பிரஷர் பார்த்தார்கள். 170க்கு 100 இருந்தது. எட்டு மாதமாக அவருக்குத் தவறாமல் பிரஷர் பார்த்தவள், அந்தப் பட்டையை ஒருநாள்கூட என் கையில் சுற்றிப் பார்த்ததில்லை.

அந்த ஆறு வாரத்தில் வேறு வழியில்லாமல் கற்றுக்கொண்டதையும், பிறகு நானாகவே கற்றுக்கொண்டதையும் கீழே எழுதுகிறேன். கை முறிகிற வரைக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

முதல் படி: “வேண்டாம்” என்பதை நிறுத்தி வையுங்கள்

நம் பக்கத்தில் ஒருவர் “ஏதாவது செய்யணுமா?” என்று கேட்டதும் வாயிலிருந்து தானாக விழுகிற பதில் ஒன்று உண்டு: “இல்ல, நான் பாத்துக்கிடுதேன்.” நாம் யோசித்துச் சொல்கிற பதில் கிடையாது அது. விருந்துக்குப் போன இடத்தில் “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?” என்றதும் இலையை மறைக்கிற கை மாதிரிதான், பழக்கம்.

இந்தப் பழக்கத்தை ஒரே நாளில் விட முடியாது. அதனால் உடனே “சரி” என்று சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. “வேண்டாம்” என்பதற்குப் பதிலாக வேறொரு வாக்கியத்தை வாயில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பழகிக்கொண்டது இது: “கேட்டியள்லா, அதுவே போதும். என்ன வேணும்னு ராத்திரிக்குள்ள யோசிச்சுச் சொல்லுதேன்.” இப்படிச் சொன்னால் கதவு திறந்தே இருக்கும். யோசிக்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

நம் ஊர் வழக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துட்டி வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. சொந்தக்காரர்கள் ஆக்கிக் கொண்டுவருகிற சோற்றைத்தான் எல்லாரும் சாப்பிடுகிறோம். அதில் யாரும் வெட்கப்படுவதில்லை. கல்யாண வீடு என்றால் முந்தின நாள் ராத்திரி தெருப் பெண்கள் எல்லாரும் அரிவாள்மணையோடு வந்து உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். அதற்கும் யாரும் கூச்சப்படுவதில்லை. சாவுக்கும் கல்யாணத்துக்கும் கை நீட்டி வாங்குகிற நமக்கு, மாதக்கணக்கில் நீளுகிற சீக்குக்கு மட்டும் வாங்கத் தெரியவில்லை. அதற்கென்று ஒரு சடங்கு இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். வழக்கம் இல்லாத இடத்தில் நாமே ஒன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் படி: ஒரு நாள் முழுவதையும் எழுதிப் பாருங்கள்

எல்லாரும் “எதுனாலும் சொல்லு” என்பார்கள். சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம், நமக்கே என்ன வேண்டும் என்று தெரியாததுதான். எல்லா வேலையும் சேர்ந்து ஒரே பாரமாகத் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பாரத்தைப் பிரித்தால்தானே ஒரு கட்டையாவது இன்னொருவர் தலைக்கு மாற்ற முடியும்?

ஒரு பழைய நோட்டை எடுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரை நீங்கள் செய்கிற ஒவ்வொன்றையும், எவ்வளவு சின்னதானாலும், எழுதுங்கள். பால் வாங்குவது, வாய் கொப்பளிக்க வைப்பது, மாத்திரையைப் பிரித்து வைப்பது, முதுகில் பவுடர் போடுவது, திருப்பிப் படுக்க வைப்பது, ரேஷன், கரண்ட் பில், மருந்துக்கடை, பிசியோதெரபிக்கு ஆட்டோ சொல்வது, வந்தவர்களுக்குக் காப்பி போடுவது. எனக்கு வலது கை கட்டில் இருந்ததால் நான் சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு மதினியின் மகள், பதினோராம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, எழுதினாள். 34 வேலை வந்தது. “அத்த, இவ்வளவையும் நீங்களா செஞ்சிய?” என்று கேட்டுவிட்டு அவள் அம்மாவைக் கூப்பிடப் போய்விட்டாள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். நான்தான் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு குறி. சொல்லிக்கொடுத்தால் மற்றவர்கள் செய்யலாம் என்பதற்கு ஒன்று. யார் வேண்டுமானாலும் அப்படியே செய்யலாம் என்பதற்கு ஒன்று.

முதல் தடவை குறி போடும்போது கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் “நான்தான்” என்று போடுவீர்கள். நானும் அப்படித்தான் போட்டேன். மறுநாள் அதே தாளை எடுத்து, “நான் இன்றைக்குக் காய்ச்சலில் கிடந்தால் இந்த வேலை என்ன ஆகும்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கடைசியில் ஐந்துதான் மிஞ்சியது. டாக்டரிடம் பேசுவது, மாத்திரை அளவு மாறினால் கவனிப்பது, புண் ஏதும் வருகிறதா என்று முதுகைப் பார்ப்பது, பணக் கணக்கு, ராத்திரி அவர் பக்கத்தில் இருப்பது. மற்ற இருபத்தொன்பதையும் நான் பிடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: யாரிடம் எதை

இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். நெருங்கிய சொந்தம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் சுமத்தக் கூடாது. அந்த ஆளும் சீக்கிரமே ஓய்ந்துபோவார். ஒவ்வொருவருக்கும் கைவருகிற வேலை எது என்று பாருங்கள்.

எங்கள் தெரு ஆட்டோ அண்ணாச்சிக்குச் சீக்காளி பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் பேச வராது. ஆனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில், எத்தனை மணிக்குக் கிளம்பினால் கூட்டத்துக்கு முன்னால் சீட்டுப் போடலாம் என்று அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றவும் தெரியும். என் நாத்தனாருக்கு மூட்டு வலி, குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய முடியாது. ஆனால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அம்பாசமுத்திரத்தில் சின்ன வயசில் ஆற்றில் குதித்து அடிவாங்கிய கதையெல்லாம் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். அவர் சிரிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். சென்னையில் இருக்கிற என் மகன் “என்னால வந்து இருக்க முடியலையே” என்று போனில் அழுவான். அவனிடம் மருந்துக்கடைக் கணக்கு, கரண்ட் பில், வீட்டு வரி, இன்சூரன்ஸ் படிவம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். போனிலேயே முடித்துவிடுகிறான். அழுகையும் குறைந்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த வீட்டுச் சேதியை அந்த வீட்டில் போய்ச் சொல்கிற ஆள் எந்தத் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரிடமும் உதவி வாங்கலாம், வாசலுக்கு வெளியே நடக்கிற உதவியாக. ரேஷன் அரிசி வாங்கிவரச் சொல்லலாம். விரிப்பு மாற்றக் கூப்பிட வேண்டாம்.

நான்காம் படி: கேட்கிற விதம்

என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. இந்த மூன்றும் இருக்க வேண்டும். “கொஞ்சம் வந்துட்டுப் போங்களேன்” என்றால் வருகிறவருக்கு எப்போது கிளம்பலாம் என்று தெரியாது. அடுத்த தடவை கூப்பிடும்போது தயங்குவார். நான் கேட்டது இப்படி:

“மதினி, வியாழக்கிழமை பத்து மணிலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும் உங்க அண்ணன் பக்கத்துல இருக்க முடியுமா? பதினோரு மணிக்கு ஒரு கஞ்சி குடுக்கணும். முடியலைன்னா சொல்லிருங்க, நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

கடைசி வரி முக்கியம். மறுக்க வழிவிட்டுக் கேட்டால்தான், அவர் “சரி” என்று சொல்லும்போது அது மனசோடு வருகிறது என்று உங்களுக்கும் தெரியும்.

எட்டு மாதம் முன்னால் தூக்குவாளியோடு திருப்பி அனுப்பிய அதே மதினியிடம்தான் இதைக் கேட்டேன். கட்டுப் போட்ட கையோடு தெருவைக் கடந்து அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். முதலில், “அன்னிக்கு அடுப்பு பத்த வைக்கவே இல்ல மதினி, பொய் சொல்லிட்டேன்” என்றேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து என் இடது கையில் கொடுத்தார்கள். நான் குடித்து முடித்த பிறகு, “வியாழக்கிழமை மட்டும் போதுமா?” என்று கேட்டார்கள்.

யாரையாவது நீங்கள் முன்பு திருப்பி அனுப்பியிருந்தால், முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: படுக்கையில் இருப்பவரைக் கேளுங்கள்

உதவி வாங்குகிற அவசரத்தில் இதை மறந்துவிடுகிறோம். உடம்பு அவருடையது. யார் தொடலாம், யார் எந்த நேரத்தில் அறைக்குள் வரலாம் என்று சொல்கிற உரிமையும் அவருடையதுதான். என் வீட்டுக்காரர், “சாப்பாடு யாரு வேணும்னாலும் குடுக்கட்டும். குளிப்பாட்ட நம்ம தம்பி மட்டும் வரட்டும்” என்று சொல்லிவிட்டார். அவர் சித்தப்பா மகன், வீரவநல்லூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் புதன்கிழமையும் ரயிலில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போனார். எட்டு மாதமாக அவரைத் தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஓர் ஆண்பிள்ளை வந்து தூக்கினால் அவருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்பதை அதுவரைக்கும் நான் கேட்டதே இல்லை.

ஆறாம் படி: சொல்லிக்கொடுங்கள், பிறகு விலகுங்கள்

“அவங்களுக்கு என்ன தெரியும், நான் செய்யிற மாதிரி வருமா” என்பதுதான் பெரிய தடை. சொல்லிக்கொடுத்தால் வரும். ஒரு தடவை நீங்கள் செய்யும்போது அவர் பார்க்கட்டும். அடுத்த தடவை அவர் செய்யும்போது நீங்கள் பாருங்கள். மூன்றாம் தடவை நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம்.

ஆபத்தான விஷயங்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பக்கவாதம் வந்தவருக்கு எங்கள் வீட்டில் ஒட்டியிருந்தது இவ்வளவுதான்:

சாப்பாடு கொடுக்கும்போது நேராக நிமிர்த்தி உட்கார வைக்கவும். சின்னக் கரண்டி. ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். முடிந்ததும் இடது கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார்க்கவும். அரை மணி நேரம் கழித்தே படுக்க வைக்கவும்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. தோள் மூட்டு நழுவிவிடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கவும்.

இருமல் நிற்காமல் வந்தால், வாய் புதிதாகக் கோணினால், பேச்சுக் குழறினால், வலது கையும் தளர்ந்தால் உடனே 108. பிறகு எனக்குப் போன்.

கடைசி வரியில் இருக்கிற வரிசையை மாற்றக் கூடாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அந்த ஊசி எல்லாருக்கும் பொருந்தாது, டாக்டர்தான் முடிவு செய்வார். அவர் முடிவு செய்யவாவது நேரம் இருக்க வேண்டும். நீங்கள் வருகிற வரைக்கும் காத்திருந்து அதில் ஒரு மணி நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதை உதவிக்கு வருகிறவரிடம் வாயாலும் சொல்லுங்கள்.

இந்தச் சுவரில் ஒட்டாத எல்லாவற்றிலும் விட்டுக்கொடுங்கள். மதினி கஞ்சியில் உப்புக் கூடப் போடுவார்கள் என்று எனக்குப் பயம். பிரஷர்காரருக்கு உப்பு குறைய வேண்டும், அதனால் அதைத் தாளில் சேர்த்தேன். ஆனால் விரிப்பின் ஓரத்தை நான் மடிக்கிற மாதிரி அவர்கள் மடிப்பதில்லை. பத்தமடைப் பாயை நான் சுருட்டிச் சாய்த்து வைக்கிற மூலையில் வைப்பதில்லை. தண்ணீர்ச் செம்பை வலது பக்கம் வைக்காமல் ஜன்னலில் வைக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அவர்கள் போனதும் எல்லாவற்றையும் திரும்ப என் இஷ்டப்படி மாற்றி வைத்தேன். ஒருநாள் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள், நான் விரிப்பை உருவி மறுபடி போடுவதைப் பார்த்துவிட்டார்கள். “சொல்லியிருந்தா நானே அப்படிப் போட்டிருப்பேன்லா” என்றார்கள். அதோடு விட்டேன். செம்பை மட்டும் அவர் கைக்கு எட்டுகிற பக்கம் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், அது அவருக்கு வேண்டியது. பாய் எந்த மூலையில் இருந்தால் என்ன?

ஏழாம் படி: அரசாங்கம் தருவதையும் வாங்குங்கள்

இது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஊரெல்லாம் பதிவேட்டில் பேர் எழுதியவள், என் வீட்டுப் பேரை அதில் எழுத விடவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்கிற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி தணிப்புக் கவனிப்பும் வீட்டில் வந்து செய்வார்கள். உங்கள் பகுதித் துணை சுகாதார நிலையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் போதும். என் வீட்டுக்கு வந்தது என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பிள்ளைதான். “அக்கா, உங்க பேரு முத நாளே இருந்திருக்கணும்” என்று சொல்லி, அவர் பேருக்குக் கீழே என் பேரையும் எழுதி, எனக்கும் பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். அதற்கு முதலில் ஊனச் சான்று வேண்டும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567.

14416 என்ற எண்ணையும் குறித்து வையுங்கள். மனநல ஆலோசனைக்கான இலவச எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சீக்காளிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். பார்க்கிறவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு, “இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை” என்று ஒரு நினைப்பு வரும். எனக்கும் வந்தது. வந்த நிமிஷமே நெஞ்சு பதறியது. களைத்துப்போன உடம்பில் வருகிற நினைப்பு அது. அதை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம், யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுங்கள்

நம் பக்கம் யாராவது பலகாரமோ குழம்போ கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது, கொல்லையில் பறித்த முருங்கைக்கீரையாவது போட்டுத்தான் கொடுப்போம். அழகான வழக்கம்தான். ஆனால் பண்டுவம் பார்க்கிற வீட்டில் இதுவும் ஒரு வேலையாகிவிடும். மதினி சொதி கொண்டுவந்த மறுநாள், அந்தப் பாத்திரத்தில் வைக்க ஒற்றைக் கையால் நான் பணியாரம் சுட நின்றேன். அப்புறம் அவர்கள் கொண்டுவந்து என்ன பிரயோஜனம்? அடுத்த தடவை பாத்திரத்தைக் கழுவி, வெறும் பாத்திரமாகக் கொடுத்தேன். கை கூசியது. “இந்தக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இப்படித்தான் மதினி வரும்” என்று சொல்லிக் கொடுத்தேன்.

செய்முறை நோட்டு எல்லார் வீட்டிலும் இருக்கும். இன்னார் வீட்டுக் கல்யாணத்துக்கு இவ்வளவு வந்தது, இன்னார் வீட்டுக் காதுகுத்துக்கு இவ்வளவு செய்தோம் என்று. அதைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். இன்றைக்கு வந்ததை நாளைக்கே யாரும் திருப்பிச் செய்வதில்லை. அந்த வீட்டில் ஒரு விசேஷம் வருகிற வரைக்கும், பத்து வருஷமானாலும், அது அப்படியே நிற்கும். ஒத்தாசையையும் அந்த மாதிரி நிற்க விடுங்கள். நீங்கள் இத்தனை வருஷம் ஊருக்குச் செய்ததும் பல வீடுகளில் அப்படித்தான் நிற்கிறது. அவர்களுக்குத் திருப்பிச் செய்ய இப்போதுதான் ஒரு வழி கிடைத்திருக்கிறது. பிரசவத்துக்கு நான் துணை போன ஒரு பெண், இப்போது அவளுக்கே பேரன் இருக்கிறான், கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு கட்டு அப்பளத்தோடு வந்து, அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டுத் துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுப் போனாள். “இத்தன வருசமா உங்களுக்கு என்ன செய்யன்னு தெரியாம இருந்தேன்” என்றாள்.

ஒன்பதாம் படி: கிடைத்த நேரத்தில் வேலை செய்யாதீர்கள்

முதல் வியாழக்கிழமை மதினி வந்ததும், நான் அடுப்படிக்குப் போய் இடது கையால் டப்பாக்களை அடுக்கத் தொடங்கினேன். அவர்கள் வந்து, “வெளிய போங்க முதல்ல” என்று செருப்பை எடுத்து வாசலில் போட்டார்கள். எங்கே போவது என்று தெரியவில்லை. பஸ் நிறுத்தம் வரை நடந்து போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அப்புறம் ஆற்றுப் பக்கம் போனேன். மழை ஓய்ந்து தாமிரபரணி கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் மேல் படியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணி வரைக்கும் தண்ணீரைப் பார்த்தேன். துணி மூட்டையோ குடமோ இல்லாமல் அந்தப் படித்துறைக்கு நான் எப்போது வந்தேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

தூங்குங்கள், கோயிலுக்குப் போங்கள், சும்மா இருங்கள். உங்கள் பிரஷரைப் பாருங்கள். தள்ளிப்போட்ட பல்வலிக்கு டாக்டரிடம் போங்கள். வீட்டு வேலை மட்டும் வேண்டாம்.

நடுவில் சில கோளாறுகளும் வரும். வருகிறேன் என்றவர் வராமல் போவார். ஒரு தடவை விடுங்கள். இரண்டு தடவையானால் அந்த வேலையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு, அவரிடம் சின்னதாக வேறொன்று கேளுங்கள். கூடப் பிறந்தவர்கள் ஒன்றும் செய்யாமல் போனில் யோசனை மட்டும் சொல்வார்கள். அவர்களிடம் யோசனைக்குப் பதில் சொல்லாமல், நோட்டில் இருக்கிற ஒரு வேலையைப் படித்துக் காட்டி, “இத நீங்க எடுத்துக்கிடுதியளா?” என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் பேச்சு ஒரு முடிவுக்கு வரும்.

கடைசிப் படி: நீங்கள் தேறிய பிறகும் முழுசாகத் திருப்பி வாங்காதீர்கள்

கை சரியானதும் எல்லா வேலையையும் மறுபடி பிடித்துக்கொள்ளத் தோன்றும். அங்கேதான் பழைய கதைக்குத் திரும்புகிறோம். கட்டுப் பிரித்த அன்றைக்கே நோட்டை எடுத்து, எதெல்லாம் மற்றவர்கள் கையிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்யுங்கள். குளிப்பாட்டுவதைத் தம்பியிடமே விட்டேன். மருந்துக் கணக்கை மகனிடம். வியாழக்கிழமையை மதினியிடம். சமையலையும் துணியையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். பிறகு மாதம் ஒரு தடவை அந்தத் தாளைப் பார்த்து மாற்றிக்கொண்டோம்.

இன்னொன்றும் உண்டு. வலது கை கட்டில் இருந்ததால் எனக்குத் தலை பின்ன முடியாது. மதினி மகள்தான் தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் வந்து, என்னைத் திண்ணையில் உட்கார வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவாள். முதல் நாள் அவள் கை தலையில் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அம்மா போன பிறகு என் தலையை யாரும் தொட்டதில்லை. நான் அழுவது தெரிந்தும் அவள் ஒன்றும் கேட்காமல் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கட்டுப் பிரித்த மறுநாளும் வழக்கம்போலப் பையோடு வந்து நின்றாள். “இனி நீங்களே பின்னிக்கிடுவியளா அத்த?” என்றாள். கையை மடக்கி நீட்டிப் பார்த்தேன். வலி இல்லை. உள்ளே போய்ச் சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்தேன்.